புளூபெர்ரித் தோட்டத்துச் சம்பந்திகள்

செடியும் செடியும் வாய்ச்சண்டை போட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

புது ரகம் உண்டாக்குகிற தோட்டம் ஒன்றில் தேனழகி, கல்லழகி என்று இரண்டு புளூபெர்ரிச் செடிகள் இருந்தார்கள். தேனழகியின் பழம் வாயில் வைத்ததும் கரையும். ஆனால் சந்தைக்குப் போவதற்குள் பெட்டியிலேயே கூழாகிவிடும். கல்லழகியின் பழம் லாரியில் ஊரெல்லாம் சுற்றினாலும் கன்றாது. தின்றால்தான் சப்பென்று இருக்கும்.

"உன் பழத்தை வச்சுக் கோலி விளையாடலாம்டி!" என்பாள் தேனழகி.

"உன்னதைக் கரண்டி போட்டுல்ல அள்ளணும்!" என்பாள் கல்லழகி.

தேறாத செடியைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் தோட்டக்காரர் வந்து நின்றதும் தேனழகிக்கு வேர்வரை நடுங்கியது. அவரோ சின்னத் தூரிகையால் கல்லழகியின் பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டு, தேனழகியின் பூவில் தடவினார். "அந்தக் கெட்டியும் இந்த ருசியும் ஒரே பழத்தில் வரட்டும்" என்று சொல்லி, வேறு மகரந்தத்தோடு தேனீ வந்துவிடாமல் பூவுக்கு வலைத்துணி கட்டிவிட்டுப் போனார்.

தேனழகிக்குத் தலைகால் புரியவில்லை. "அடியே" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா! நம்ம பூக்களுக்குப் பொறக்கப்போற பேத்திக்கு உங்க தோலை அப்படியே குடுத்துடுங்க. ருசியை மட்டும் எங்க பக்கம் விட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"