அரை லிட்டர் டீசல்

“நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா? எதுக்குய்யா? மலையா ஏறப் போறே?”

“ஆமாங்க ஐயா, மலைதான் ஏறப் போறேன்” என்றார் பம்ப் மெக்கானிக்.

எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கேட்டவர் குடிநீர் அலுவலகத்தின் மேலாளர் ஆயிற்றே.

முகத்துக்கு நேரே அவர் ‘ஐயா’. முதுகுக்குப் பின்னால் ‘மைலேஜ்’. எரிபொருள் சிக்கனம் என்று வாயைத் திறந்தால் மனுஷன் மூடவே மாட்டார். ‘வண்டி நின்றால் இன்ஜினும் நிற்கட்டும்’ என்று வாசலில் போர்டு எழுதி மாட்டி, அடியில் தன் பெயரையும் இரண்டு பட்டங்களையும் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்ட மகான்.

அன்றைய கூட்டம் புது பிக்கப் வண்டி வாங்குவதற்காக. குன்றின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. தினமும் குழாயும் மோட்டாரும் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் அங்கே போயாக வேண்டும். முழுக்க மண் ரோடு. போன மழையில் பழைய வண்டி பாதி ஏற்றத்தில் வழுக்கி, பின்னாலேயே சரிந்து, ஒரு பாறையில் முட்டி நின்றது. பாறை இல்லையென்றால் இன்றைக்குக் கூட்டத்துக்கு வர மெக்கானிக்கும் இல்லை. அன்றிலிருந்து மேலே போனதும் ஒரு போன், கீழே இறங்கியதும் ஒரு போன் என்று அவர் மனைவிக்குச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

கம்பெனியிலிருந்து வந்திருந்த விற்பனைப் பெண் மறுபடியும் பொறுமையாக விளக்கினாள்.

“ரெண்டு மாடல் இருக்கு சார். ஒண்ணுல பின்சக்கரம் மட்டும் இழுக்கும். மைலேஜ் நல்லா வரும். இன்னொண்ணுல தேவைப்பட்டா நாலும் இழுக்கும். நல்ல ரோட்டுல எப்பவும் போல ஓட்டலாம். சேறு வந்தா, வண்டிக்குள்ள ஒரு திருகு இருக்கு, அதைத் திருப்பினா போதும். வண்டி எடை கூட, அதனால டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும்.”

“கொஞ்சம்னா?”

“நீங்க ஓட்டுற தூரத்துக்கு நாளைக்கு அரை லிட்டர் சார்.”

“அரை லிட்டரா!” மைலேஜ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “தினமும் அரை லிட்டர்! நம்ம பேரப்பிள்ளைங்களுக்கு எதைம்மா விட்டுட்டுப் போறது?”

“என் பிள்ளைங்களுக்கு நான் வீடு வந்து சேர்ந்தா போதுங்க ஐயா” என்றார் மெக்கானிக்.

“இதெல்லாம் ஓட்டத் தெரியாதவன் பேசுற பேச்சு. பின்னாடி நாலு மணல் மூட்டை ஏத்திக்கோ. சக்கரம் தானா மண்ணைக் கவ்வும்.”

“மூட்டையும் எடைதானே ஐயா? மைலேஜ் குறையாதுங்களா?”

மைலேஜுக்குச் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே சுவர் மறைவில் ஏதோ ஒரு வண்டி உறுமிக்கொண்டே இருந்தது.

“எவன்யா அது, அப்போலேர்ந்து வண்டியை ஓடவிட்டுட்டு? சத்தம் வேற, நாத்தம் வேற. அந்த ஜன்னலைச் சாத்துங்க.”

சாத்தினார்கள். கண்ணாடி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

“இங்க பாருய்யா” என்று குரலை உயர்த்தினார் மைலேஜ். “நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. அரை லிட்டர் உனக்குக் கூடப் போகுதுன்னா, அதை நான் எங்கேர்ந்து கொண்டு வர்றது? நீயே சொல்லு.”

மெக்கானிக் அதிரும் கண்ணாடியைப் பார்த்தார். “வெளிய நிக்கிற அந்த வண்டி, நான் உள்ள வரும்போதே ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு ஐயா. ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஏசியும் போட்டிருக்கு, சத்தத்துலயே தெரியுது. எப்படியும் ரெண்டு லிட்டர் போயிருக்கும்.”

“நம்ம ஆபீஸ் வண்டியா?”

“நம்ம வளாகத்துலதான் நிக்குது.”

“அப்படிப் போடு!” மைலேஜ் மேசையைத் தட்டினார். ஊதாரி ஒருத்தன் மாட்டினால் அவருக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி. “கிளார்க்கம்மா, எழுதுங்க. அந்த வண்டிக்குத் தர்ற டீசல்ல தினமும் ஒரு லிட்டர் கட். மிச்சமாகுறது பிக்கப்புக்கு. பிக்கப் நாலு சக்கரமும் இழுக்கிற மாடலே வாங்கலாம். யார் என்னன்னு முகம் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. போய்யா, அந்தத் தண்டச்சோறு யாருன்னு பார்த்துட்டு வா.”

மெக்கானிக் எழுந்து போனார்.

“அடுத்தவன் வயிறு எரியுதேன்னு ஒரு நினைப்பே இல்ல பாருங்க” என்று விற்பனைப் பெண்ணிடம் வருத்தப்பட்டார் மைலேஜ். அவளும் தலையாட்டி வைத்தாள். வேறு என்ன செய்வாள், வண்டி விற்க வேண்டுமே.

ஐந்து நிமிடத்தில் கண்ணாடியின் அதிர்வு சட்டென்று நின்றது. மெக்கானிக் திரும்பி வந்தார்.

“யாருய்யா அவன்? பேரைச் சொல்லு.”

மெக்கானிக் கையிலிருந்த சாவியை மேசையில் மெதுவாக வைத்தார்.

மைலேஜ் குனிந்து பார்த்தார். “இது என் கார் சாவியாச்சே!”

“ஆமாங்க ஐயா. அணைச்சுட்டு எடுத்துட்டு வந்தேன். டிரைவர் அண்ணன் வேண்டாம்னுதான் கெஞ்சினாரு. நீங்க ஏறும்போது சீட்டு சில்லுனு இல்லேன்னா வேலை போயிடுமாம்.”

கிளார்க்கம்மா தீர்மானத் தாளை மைலேஜ் பக்கம் நகர்த்திப் பேனா மூடியைத் திறந்து நீட்டினார்.

“நீங்க சொன்னது ஒரு வார்த்தை விடாம எழுதிட்டேன் ஐயா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.”