முற்றத்தில் சரணாலயம்

சரணாலயத்தின் எல்லை இன்று குகதாசனின் வீட்டைச் சுற்றி விழுந்திருந்தது. நோர்வேயின் வடகோடியில் அந்த எல்லை பனிக்கரடியோடு சேர்ந்து நகரும். கரடி படுத்த இடத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் யாரும் வெளியே வரக்கூடாது, வண்டி கிளப்பக்கூடாது, அதை எழுப்பவும் கூடாது. பதினோரு வருடமாக ஊருக்கு இதைச் சொல்லிவந்த காவலரே குகதாசன்தான்.

கரடி அவருடைய காரை ஒட்டிப் படுத்திருந்தது. கருவாட்டுக்காக அவர் கொடியில் காயப்போட்ட மீனில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆஸ்பத்திரியில் அவர் மனைவி தர்சிகாவுக்கு வலி எடுத்திருந்தது. ஐந்தாவது தடவையாக அழைத்தாள்.

"இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"நல்ல நித்திரையில கிடக்குதப்பா," என்று கிசுகிசுத்தார்.

"அண்டைக்கே சொன்னனான், மீனை உள்ளுக்க காயப்போடுங்கோ எண்டு!"

அவர் கார்ச் சாவியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். போன மாதம் தாயின் அடக்கத்துக்குப் புறப்பட்ட எதிர்வீட்டுக்காரரை இதே விதியைச் சொல்லித்தான் நிறுத்தினார். அந்த மனிதர் இப்போது ஜன்னலில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் மறுபடி அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இஞ்சாருங்கோ, கேக்குதோ? உங்கட மகள்."

வீடு முழுக்க அழுகை நிறைந்தது. முற்றத்தில் கரடி தலையைத் தூக்கியது.

அவர் விரல் கொஞ்சம் தயங்கியது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் ஜன்னலில்தான் நின்றார்.

குகதாசன் மகளின் குரலைக் குறைத்தார். கரடி மறுபடி தலை சாய்க்கும்வரை குறைத்துக்கொண்டே போனார்.