காலிப் பள்ளத்துக்குக் காவல்

பவளப்பாறைக்கு வயிறு எரிந்தது. மீன்கள் மொய்க்கும் தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா கிடந்த குளிர்ந்த பள்ளத்தைச் சுற்றி மனிதர்கள் மஞ்சள் மிதவைகள் கட்டியிருந்தார்கள். இனி அதற்குள் வலை வீசக் கூடாதாம்.

"ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லாத உனக்கு எதுக்குடி காவல்?"

"கடல் சூடாகப் போகுதாம் அக்கா. அப்போ வர்றவங்களுக்கு இடம் வேணுமாம்," என்றது பள்ளம்.

"என் மீனுங்க என் மடியை விட்டு எங்கேயும் போகாது."

அடுத்த கோடையில் தண்ணீர் கொதித்தது. பாறை வெளுத்துப்போனது. மீன்கள் ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்குப் போயின. கடைசியில் கிளிமீனும் கிளம்பிவிட்டது.

பாறை பள்ளத்தின் பக்கம் பார்த்தது. பிறகு, "நல்லா இருக்காங்களா?" என்று கேட்டது.

"அவங்களுக்கென்ன குறை? விடிஞ்சா அடைஞ்சா உன் பேச்சுதான்," என்று வெடுக்கென்று சொன்னது பள்ளம்.

தண்ணீர் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பாறைக்கு வயிறு குளிர்ந்தது.