சரசுவின் விரல் கணக்கு

“மிஷின் பொய் சொல்லுமா டாக்டரம்மா?”

பச்சைமுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டை மேஜைமேல் விரித்து, பிரசவ தேதி அச்சாகியிருந்த இடத்தில் விரலை ஊன்றிக் காட்டினான். அக்டோபர் பதினான்கு என்றிருந்தது. இன்று பதினெட்டு. பக்கத்தில், நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சரசுவுக்கு வலி வருகிற அறிகுறியே இல்லை.

“பொய்யெல்லாம் சொல்லாதுப்பா,” என்றார் டாக்டர் பாகீரதி. “தலையையும் தொடை எலும்பையும் அளந்து, இந்த சைஸ்னா இத்தனை வாரம்னு ஒரு கணக்கு போடுது. அந்தக் காலத்துல கையைத் தலைக்கு மேல கொண்டுபோய்க் காதைத் தொட்டா அஞ்சு வயசுன்னு ஸ்கூல்ல சேத்துக்குவாங்களே, அந்த மாதிரி. உங்க குழந்தை கொஞ்சம் வளர்த்தி. மிஷின் ஏமாந்துடுச்சு.”

“நாலு நாள் தள்ளிப் போச்சே...”

“நாலு நாள் என்ன? மூணாம் மாசம் எடுத்திருந்தா ஒரு வாரம் முன்னே பின்னே சொல்லியிருக்கலாம். நீங்க ஒன்பதாம் மாசம் எடுத்திருக்கீங்க. ரெண்டு மூணு வாரம்கூட மாறும். எடையும் அப்படித்தான். மூன்றரை கிலோன்னு போட்டிருக்கு. மூணாவும் இருக்கலாம், நாலாவும் இருக்கலாம்.”

பச்சைமுத்துவின் முகம் தொங்கிப்போயிற்று.

“எனக்கு லீவு இன்னியோட முடியுது டாக்டரம்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போய் நிக்கணும்.”

“இந்த ரிப்போர்ட்டை நம்பியா லீவு எடுத்தீங்க?”

“நல்லா கேளுங்க டாக்டரம்மா!” சரசு பிடித்துக்கொண்டாள். “விரல் விட்டு எண்ணிச் சொன்னேன், ஐப்பசி பாதியிலதான் ஆகும்னு. கேட்டாதானே!”

“உன் விரலைக் கொண்டுபோய் எங்க சார்கிட்ட காட்ட முடியுமா? பேப்பர்ல தேதி இருந்தாத்தான் ஏழு நாள் குடுப்பேன்னுட்டாரு.”

டாக்டருக்கு ஏதோ தோன்றியது. “இதுக்கு முன்னாடி எப்ப வீட்டுக்கு வந்தீங்க?”

“பிப்ரவரில. தங்கச்சி கல்யாணத்துக்கு. ஆறாம் தேதி வந்தேன், பன்னெண்டாம் தேதி திரும்பிட்டேன். அப்புறம் இப்பதான்.”

டாக்டர் மேஜைக் காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இவ்வளவு தெளிவா தேதி தெரிஞ்சும் மிஷினை எதுக்கப்பா கேட்டீங்க? உங்க வீட்டம்மா விரல்தான் கரெக்ட். நவம்பர் ஒண்ணை ஒட்டித்தான் பொறக்கும்.”

ஜெயித்துவிட்ட சரசு அழ ஆரம்பித்தாள்.

“லீவை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக் கேளுங்களேன். எங்கே வேலை? துபாயா?”

பச்சைமுத்து சரசுவைப் பார்த்தான். சரசு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த மாதிரிதான்,” என்றாள்.

“கேட்டேன் டாக்டரம்மா. முடியாதுன்னுட்டாங்க. அடுத்தது கிடைக்க ஒரு வருஷமாவது ஆகும். அதுக்குள்ள அது நடக்க ஆரம்பிச்சுடும். என்னைப் பாத்தா யாரோன்னு ஓடும்.” தயங்கித் தயங்கிக் கேட்டான். “வலி வர ஊசி ஒண்ணு போட்டா, இன்னிக்கே...”

“உங்க லீவு முடியுதுன்னு அதை அவசரப்படுத்தலாமா? தலை இன்னும் இறங்கலை. அது வர்றப்ப வரட்டும்பா.”

ஏழு நாளாக அவன் வீட்டை விட்டு நகரவில்லை. தினமும் காலையில் ஓரிடத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு சரி. குழந்தை பிறக்கும் முன் தூளி கட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டு லட்சுமம்மா திட்டியும் கேட்காமல், சரசுவின் பழைய சேலையில் தூளி கட்டினான். அரிசிப் பையைப் போட்டு, தாங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டான். ஒரே ஒரு முறை கையில் ஏந்திவிட்டுப் போக வேண்டும். அவனுக்கு வேறு ஆசை இல்லை.

“சத்தமாவது ஒரு தடவை கேக்கலாமா டாக்டரம்மா?”

டாக்டர் சரசுவைப் படுக்கவைத்து, வயிற்றில் சின்னக் கருவியை வைத்தார். அறை முழுக்கக் குழந்தையின் இதயம் தடதடவென்று ஓடியது. பச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். டாக்டர் கருவியை எடுத்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. அவனைக் கிளப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

பஸ் ஸ்டாப்பில் சரசு கேட்டாள். “பேரு?”

“நீயே வெச்சுடு. உன் கணக்குதான் சரியா இருக்கு.” பஸ்ஸில் ஏறியவன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். “போட்டோ எடுத்து அனுப்பு சரசு. முகம் நல்லா தெரியற மாதிரி.”

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பச்சைமுத்து அந்தப் பெரிய கதவின் முன் போய் நின்றான். காவலுக்கு இருந்த முனிகிருஷ்ணன் அவனைப் பார்த்ததும் ஆவலாக எழுந்தார்.

“என்னப்பா, குழந்தை பொறந்தாச்சா?”

பச்சைமுத்து இல்லையென்று தலையை ஆட்டினான். கட்டியிருந்த கைக்கடிகாரத்தையும் பேன்ட் சட்டையையும் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, நம்பர் போட்ட வெள்ளைச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டான்.

“அது வெளிய வர இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம் சார்,” என்றான். “நான் வரத்தான் ஆறு வருஷம்.”