சிவப்புப் பொட்டு

“நான் இங்கேயேதான் உக்காருவேன். லேப்டாப்பை என் கண்ணு முன்னாலதான் பிரிக்கணும்” என்றாள் கைன்சா டீச்சர்.

“தாராளமா உக்காருங்க டீச்சர்” என்று முக்காலியைத் தள்ளினான் கடைக்காரன் வெத்தாகா.

உகாண்டாவின் எம்பாலே சந்தையில் லேப்டாப் ரிப்பேர் செய்பவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் அவளை நன்றாகப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். கண் கொஞ்சம் அசந்தால் போதுமாம், நல்லதை உருவிக்கொண்டு செத்ததைச் சொருகிவிடுவார்களாம்.

அவன் பொத்தானை அழுத்தினான். பீப், பீப், பீப். மூன்று முறை கத்திவிட்டுத் திரை கறுப்பாகவே நின்றது.

“காலையிலேருந்து இதே கத்தல்தான் தம்பி.”

“உள்ள என்ன இருக்கு?”

“அறுபத்து மூணு பிள்ளைங்க இருக்காங்க.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது. இன்று ஐந்து மணிக்குள் தேர்வு வாரியத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஒருவரும் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருடம் வீணாகும். நகல் எடுத்து வைக்கவில்லை. நாளை நாளை என்று தள்ளிப்போட்டதும் அவளேதான். பக்கத்து ஊரில் ஒருமுறை இப்படி ஆனபோது, பெற்றோர்கள் வாத்தியார் வீட்டுக் கூரைத் தகரத்தையே பிய்த்துவிட்டார்கள்.

மேசை ஓரத்தில் அவனுடைய பழைய லேப்டாப் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது.

“அதை நிறுத்துங்களேன். தலை வெடிக்குது.”

“பாட்டு இல்லேன்னா எனக்குக் கையே ஓடாது டீச்சர்.”

அவன் பின்பக்க மூடியைக் கழற்றியதும், கைன்சா கைப்பையிலிருந்து நகப்பூச்சு பாட்டிலை எடுத்தாள். உள்ளே கண்ணில் பட்ட ஒவ்வொன்றின் மேலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

“என்ன டீச்சர், கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரமா?”

“எது என்னோடதுன்னு எனக்கு அடையாளம் தெரியணும்ல.”

அவன் முகம் சற்றுச் சுருங்கியது. “பேட்டரியை விட்டுட்டீங்க. அதுக்கும் வெச்சிடுங்க” என்றான்.

விரல் நீளத்தில் ஒரு தகட்டை உருவினான். “இதுதான் மெமரி. அழுக்கு சேர்ந்தா இப்படித்தான் கத்தும்.” பள்ளிக்கூட ரப்பரால் அதன் விளிம்பைத் தேய்த்துத் திரும்பச் சொருகினான்.

பீப், பீப், பீப்.

மறுபடி தேய்த்தான். மறுபடியும் அதே கத்தல். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். மணி மூன்றே முக்கால்.

“என்னாச்சு தம்பி?”

“ஒண்ணுமில்ல. நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்.”

அவளுக்குத் திக்கென்றது. முதலில் டீ குடிக்கத்தான் அனுப்புவார்கள் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“எனக்கு டீ வேண்டாம்.”

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியரின் போன் வந்தது. பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் தெருவுக்கு வந்தாள்.

“பேரெல்லாம் போயிடுச்சா?”

“போய்க்கிட்டே இருக்கு சார்.”

“போகலேன்னா பெத்தவங்க என்கிட்டதான் வருவாங்க. நான் உங்க வீட்டுக்குத்தான் வழி காட்டுவேன், பாத்துக்கங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கடையில் பாட்டு நின்றிருந்தது. அவளுடைய லேப்டாப்பில் வெளிச்சம் வந்திருந்தது. பின்மூடியைத் திருகாணி போட்டு முடுக்கிக்கொண்டிருந்தான்.

“வந்திருச்சு டீச்சர். முதல்ல பிள்ளைங்களை அனுப்புங்க. என் போன்லேருந்தே இன்டர்நெட் தரேன்.”

நாலே முக்காலுக்கு அறுபத்து மூன்றாவது பெயரும் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பியது. உயிரோடு சந்தேகமும் திரும்பியது.

“மூடியைக் கழட்டுங்க. பொட்டை எண்ணணும்.”

“அதான் வேலை முடிஞ்சுதே டீச்சர். இப்ப எதுக்கு?”

அவன் கண் தாழ்ந்ததை அவள் கவனித்தாள். “கழட்டுங்கறேன்ல.”

கழற்றினான். பேட்டரியில் பொட்டு இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. மெமரியில் இல்லை.

“திருடன்” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அந்தச் சந்தையில் அந்த வார்த்தை விழுந்தால் யாரும் விசாரிப்பதில்லை. அடித்த பிறகுதான் கேள்வி. அது அவளுக்கும் தெரியும். நிமிடத்தில் வாசலை ஆட்கள் அடைத்துக்கொண்டார்கள். ஒருவன் கையில் கட்டை இருந்தது.

“என்னம்மா எடுத்தான்?”

“என் மெமரி. ரெண்டு நிமிஷம் வெளிய போனேன், அதுக்குள்ள உருவிட்டான்.”

வெத்தாகாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. முன்பு பாடிக்கொண்டிருந்த தன் லேப்டாப்பை முன்னால் இழுத்துப் பொத்தானை அழுத்தினான்.

பீப், பீப், பீப்.

கைன்சாவுக்கு அந்தக் கத்தல் நன்றாகத் தெரியும்.

அவன் அதைக் கவிழ்த்துக் காட்டினான். பின்மூடி இல்லை. உள்ளே ஒரு மெமரி, அதன் மேல் அவள் வைத்த சிவப்புப் பொட்டு.

“இது நிஜமாவே செத்துடுச்சான்னு என்னோடதுல போட்டுப் பாத்தேன் டீச்சர். செத்துதான் போச்சு. புதுசு கம்பாலாவுலேருந்து வரணும், அதான் என்னோடதை உங்களுக்குப் போட்டேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே...” என்றாள்.

“சொல்லியிருக்கலாம். நீங்க என்னை நம்பறதுக்குள்ள மணி அஞ்சாயிருக்கும்.”