கதாநாயகியின் பெயர்

"ப்ரான்வென், செரென், ரியானன். இதிலை எது நல்லாயிருக்கு?" கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் நிரோசினி.

மொண்டெல்லோ உணவகத்தில் வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான் அவள் கணவன் லக்சன்.

"இது எந்த ஊர்ப் பேர்?"

"வேல்ஸ் நாட்டுப் பேர். என்ரை புதுக் கதையிலை வாற பெட்டைக்கு."

"மூண்டு வருசமா உம்மடை எல்லாக் கதையிலையும் உப்பிடித்தான். வாசிக்கிறது எங்கடை சனம். ஒரு யாழினி, ஒரு கயல்விழி எண்டு வைச்சால் என்ன? தமிழ்ப் பேர் வைக்க வெக்கமே?"

"வெக்கமில்லையப்பா. செலவழிக்க மனம் வரேல்லை."

"பேரைச் செலவழிக்கிறதோ?"

"பிறந்த நட்சத்திரம் தெரிஞ்சால்தானே எந்த எழுத்திலை பேர் வைக்கிறதெண்டு தெரியும்? அதுதான் ஒண்டையும் தொடாமல் எல்லாத்தையும் பத்திரமா வைச்சிருக்கிறன்."

"ஆர் பிறந்த நட்சத்திரம்?"

நிரோசினி கைபேசியைக் கீழே வைத்தாள்.

"காலமை டாக்டரட்டைப் போனனான். மாசியிலை பிறக்குமாம்."

லக்சன் அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தான்.

"அப்ப நான் சொன்ன யாழினியையும் கயல்விழியையும் எடுத்து வையும்," என்றான். "கதைக்கு ரியானன் போதும்."