பின் இருக்கை மூட்டைகள்

குடும்ப வண்டிகளைக் கரடுமுரடான இடங்களில் ஓட்டிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது என் வேலை. நிஜக் குடும்பத்தை ஏற்றக் கூடாது. அதனால் பின் இருக்கையில் இரண்டு மணல் மூட்டைகளை உட்காரவைத்து பெல்ட் போடுவோம். பெரியது அம்மா, சின்னது குட்டி. அப்பா நான்தான்.

இந்த வண்டி சேற்றில் நன்றாகப் போனது. பாறையிலும் ஏறியது. சரிவில் இறங்கி வந்து பார்த்தால், பெரிய மூட்டை பெல்ட் கழன்று குட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

"குலுங்குனதுல சாஞ்சிருக்கும்ணே," என்றான் இன்ஜினியர்.

"மத்த வண்டியில சாயலையேப்பா."

"அதுக்கு? மணலுக்கு ஏதுண்ணே பாசம்?"

பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சரிவில் இறங்கினேன். மறுபடியும் அப்படியே. பிரேக், ஸ்டீயரிங், டயர், பெல்ட் பூட்டு எதிலும் குறை இல்லை. மணல் மூட்டை பயப்படுகிறது என்று மேலே சொன்னால் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இன்று கடைசி ஓட்டம். சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்தி, இரண்டு பெல்ட்டையும் நானே சரிபார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கீழே எல்லோரும் காத்திருந்தார்கள்.

"போலாமாண்ணே?" என்றது வாக்கிடாக்கி.

பிரேக்கிலிருந்து நான் இன்னும் காலை எடுக்கவில்லை. பின்னால் பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். பெரிய மூட்டை மெல்லக் குட்டியின் மேல் கவிழ்ந்துகொண்டிருந்தது.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன்.

"போலாம்ப்பா," என்றேன்.